பச்சைக் குரல்

குன்னூர்
12.6.2005

என் அன்பு அக்காவுக்கு,

இம்மு எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, குளிரைத் தவிர. நீயும் ஜெயராஜ் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

காரியத்துக்கு வருகிறேன். பள்ளியில் இசை ஆசிரியர் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். மூன்று வருஷமாகத் தற்காலிகமாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறேன் இல்லையா, அதற்கு இப்போதுதான் ஒரு வழி பிறந்திருக்கிறது. நவம்பர் முதல் வாரம் கமிட்டி கூடுகிறது. அதற்குள் என் பெயரில் ஒரு பியானோ புத்தகம் அச்சாகி வந்திருந்தால் நல்லது என்று பிரின்ஸிபால் ஜாடையாகச் சொன்னார். சென்னையில் ஒரு பதிப்பகம் போடத் தயாராக இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வார்களாம்.

உன் ஆபீஸில் வெளிநாட்டுக்காரர்களின் பியானோ புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறீர்களே, என்னுடையதையும் நீ ஏற்றித் தர முடியுமா? மொத்தம் பன்னிரண்டு பாட்டு. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் என் கோழிக் கிறுக்கலைப் படிக்க முடியாது. உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை அக்கா.

உன் அன்புத் தம்பி,
இம்மானுவேல்

கும்மிடிப்பூண்டி
26.6.2005

அன்புள்ள இம்முவுக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. ஓரமெல்லாம் நனைந்திருந்தாலும் படிக்க முடிகிறது. அம்மாவுக்கு வலி அப்படியே இருக்கிறது. ஆனால் நீ விசாரித்தாய் என்று சொன்னதும் எழுந்து நடந்து காட்டினாள்.

எங்கள் முதலாளி மொஹசின் சாரிடம் கேட்டேன். "தம்பி புக்குதானேமா? சனிக்கெழம மத்தியானம் மிஷினு சும்மாத்தான் கெடக்குது, போட்டுக்கோ. ஆனா ஏசி போட மாட்டேன்" என்றார். பேட்டரி கம்பெனிக்கு எதிர் மாடி, மேலே தகரக் கூரை. உன் பாட்டுக்காக வேகப் போகிறேன்.

எங்கள் ஆபீஸ் கதையை உனக்குச் சொன்னதே இல்லையே. எட்டுப் பெண்கள், எட்டுப் பேருக்கும் இசை தெரியாது. புள்ளி கோட்டின் மேல் இருக்கிறதா, இடையில் இருக்கிறதா என்று பார்த்து அப்படியே அடிப்போம். ஒவ்வொரு வரிக்கும் முதலில் வரும் அந்தச் சுருளை ஜுவைரியா 'ஜிலேபி' என்பாள். புள்ளிக்குத் தலை என்றும் அதில் நிற்கும் கோட்டுக்குக் குச்சி என்றும் பெயர். இப்படியே மூன்று வருஷமாக அடித்து அனுப்புகிறோம், இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

வெளிநாட்டுக்காரனிடம் கேட்க முடியாது. நீ என் தம்பிதானே, உன்னிடம் கேட்கலாம். கம்ப்யூட்டரில் ஒரே வரிக்குள் நாலு குரல் வரைக்கும் போடலாம். முதல் குரல் நீலமாகத் தெரியும், இரண்டாவது பச்சை. நீலத்துக்குக் குச்சி மேலே போகும், பச்சைக்குக் கீழே. ஒவ்வொரு தலையை அடிக்கும்போதும் இது எந்தக் குரல் என்று நான் சொல்லியாக வேண்டும். நீ கையால் எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே மையில் கலந்து எழுதிவிடுகிறாய். வாசிப்பது ஒரே கைதானே? அப்புறம் எதற்கு இரண்டு குரல்? அவர்கள் யார்?

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீயே பேசிக்கொண்டிருப்பாய்.

அன்புடன்,
அக்கா

குன்னூர்
9.7.2005

அன்பு அக்கா,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஜிலேபி என்றதும் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

உன் கேள்விக்குப் பதில். ஒரு கைக்குள்ளேயே இரண்டு பேர் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள். ஒருத்தி நீட்டிப் பிடித்திருக்கும்போது மற்றவள் ஓடுவாள். குச்சி ஒன்றாக இருந்தால் யார் எவ்வளவு நேரம் பாடினார்கள் என்று வாசிக்கிறவனுக்குத் தெரியாது. அதற்குத்தான் மேலும் கீழுமாகப் பிரிப்பது. ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்தால்கூட, எவ்வளவு நேரம் மூடியிருந்தாள் என்று ரெஸ்ட் என்கிற குறியைப் போட்டுக் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று அவசியமில்லை அக்கா. பார்த்து அடித்தால் போதும். அக்டோபர் பதினைந்துக்குள் பதிப்பகத்தின் கையில் இருக்க வேண்டும்.

இம்மு

கும்மிடிப்பூண்டி
7.8.2005

அன்புள்ள இம்முவுக்கு,

புரிந்துகொள்ள வேண்டாமாம்! புரிந்துவிட்டால் என் கை நின்றுபோகுமா? கோயிலில் கீபோர்டு வாசிக்கிற விக்டோரியாவிடம் ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். புதுவாயலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது படிக்கிறேன். நெடுங்கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டமும் ஒரு பார், ஒரு பாருக்குள் இத்தனை பீட்தான், அதாவது இத்தனை தாளத் தட்டுதான் இருக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று நேற்றுத்தான் தெரிந்தது. மூன்று வருஷமாக அடிக்கிறவளுக்கு நேற்றுத்தான் தெரிகிறது பார். ஜுவைரியாவிடம் சொன்னேன், "ஏன்கா, அதான் ஒண்ணு கூடுனா கம்ப்யூட்டரு செவப்பு காட்டுதா?" என்று வாயைப் பிளந்தாள். ஆபீஸே இப்போது பீட் எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஏழு பாட்டு முடிந்தது, பிரின்ட் இத்துடன் இருக்கிறது. ஏழாவதில், அதாவது நீ 'நடை' என்று பெயர் வைத்திருப்பதில், இரண்டு சந்தேகம்.

ஒன்று. ஐந்து இடத்தில் ஒரே தலைக்கு நீ மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி போட்டிருக்கிறாய். தவறுதலாக இரண்டு தடவை எழுதிவிட்டாய் என்று நினைத்துப் பச்சையை அழித்துவிட்டேன். அழித்த இடத்தில் ஒரு ரெஸ்ட் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.

இரண்டு. எல்லா பாரிலும் மூன்று பீட், ஒன்பதாவதில் மட்டும் நாலு. எண்ணாமல் எழுதிவிட்டாயா? படித்தவள் கேட்கிறேன், பதில் சொல்.

அம்மா உனக்கு இறால் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா

குன்னூர்
18.8.2005

அக்கா,

ஐயோ, அழித்துவிட்டாயா! அது தவறு இல்லை. இரண்டு குரலும் ஒரே சுரத்தில் வந்து சந்திக்கிற இடம் அது. ஒரு தலைக்கு இரண்டு குச்சி கட்டாயம் வேண்டும். அழித்துவிட்டால் ஒருத்தி பாதிப் பாட்டில் காணாமல் போன மாதிரி ஆகிவிடும். தயவுசெய்து ஐந்து இடத்திலும் திரும்பப் போடு.

ஒன்பதாவது பாரில் ஒரு பீட் கூடுதல், அதுவும் தவறு இல்லை. சொல்லப்போனால் அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. போன வருஷம் பள்ளி விழாவில் நான் 'நடை' வாசித்தபோது பிரின்ஸிபால் எழுந்து வந்து, அந்த இடம் எப்படித் தோன்றியது என்று கேட்டார். அவருக்கு என்மேல் மதிப்பு வந்ததே அன்றுதான். வேலைப் பேச்சும் அங்கேதான் ஆரம்பித்தது. அதனால் மற்ற பதினொன்றில் எது போனாலும் போகட்டும், 'நடை'யில் மட்டும் ஒரு புள்ளி மாறக் கூடாது.

இம்மு

கும்மிடிப்பூண்டி
4.9.2005

இம்முவுக்கு,

நேற்றுச் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, அழித்த ஐந்தையும் திரும்பப் போட்டேன். வேறு எங்காவது பச்சையை விட்டுவிட்டேனோ என்று பயம். சரிபார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. பச்சையை மட்டும் பிரித்து எடுத்து வெறும் வரியில் ஒட்டி, உன் கையெழுத்தோடு வைத்துப் பார்ப்போம். அப்படி ஒட்டினேன். அப்போது ஒன்று தோன்றியது. மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூட வாசிக்கிற பட்டனை அழுத்தினதில்லை. எதற்கு அழுத்த வேண்டும், பார்த்து அடிக்கிறவள்தானே? ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினேன்.

அது என் பாட்டு.

மேலே ஓடுகிற நீலத்தோடு சேர்த்துக் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு வேலைப்பாட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாய். பச்சை தனியாகப் பாடியதும் முதல் மூன்று சுரத்திலேயே தெரிந்துவிட்டது. உனக்கு ஆறு வயது, எனக்குப் பதின்மூன்று. சனிக்கிழமைதோறும் மில் காலனியிலிருந்து பாதிரியார் பங்களாவுக்கு உன்னைப் பியானோ வகுப்புக்கு அழைத்துப் போவேன். கால் வலிக்கிறது என்று நடுவழியில் உட்கார்ந்துகொள்வாய். உன்னை நடக்க வைக்க நானாக ஒரு மெட்டுக் கட்டினேன். வார்த்தை கிடையாது, வெறும் முனகல். நாலு வருஷம் அதை முனகினேன். வாய்க்கால் பாலத்தில் ஒரு பலகை இருக்காது. அந்த இடம் வந்ததும் மெட்டை நிறுத்தி, உன்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன்.

ஒன்பதாவது பாரில் இருக்கிற உன் நாலாவது பீட் அதுதான் இம்மு. உன்னைத் தூக்கின நேரம்.

பாதிரியம்மா ஒரு நாள் அம்மாவிடம், பெண்ணையும் அனுப்பு, இரண்டு பேருக்கும் சொல்லித் தருகிறேன் என்றார்கள். நான் கதவுக்கு அந்தப் பக்கம் உன் செருப்பை வைத்துக்கொண்டு நின்றேன். "அவனுக்கு மட்டும் போதும்மா. பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு? நாளைக்கு போற ஊட்ல அடுப்பு மேல வெச்சு வாசிக்கப் போறாளா?" என்றாள் அம்மா. அம்மாவைக் குறை சொல்லவில்லை, அப்பாவின் மில் வேலையில் ஒருவனைப் படிக்க வைப்பதே பெரிய காரியம். ஆனால் அன்று முதல் எனக்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். முப்பத்தேழு வயது வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா கோபமா என்று இன்னும் தெரியவில்லை. உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாட்டின் தலைப்பில் வலது பக்கம் இயற்றியவர் பெயர் போட வேண்டும். 'நடை'க்கு யார் பெயர் போடட்டும்? உன் கையால் எழுது.

அக்கா

குன்னூர்
14.9.2005

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் என்னை என்னவோ செய்துவிட்டது. நீ முனகினது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாட்டு எனக்கு எங்கிருந்தோ வந்தது. அது உன்னுடையதுதான் என்று நீ எழுதிய பிறகுதான் நானே யோசிக்கிறேன். சின்ன வயதில் காதில் விழுந்தது எத்தனையோ, எது எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு மெட்டை முனகுவது வேறு, அதைப் பியானோவுக்கு எழுதுவது வேறு. வாசித்தால் உனக்கே தெரியும்.

என் நிலைமையையும் யோசித்துப் பார். பிரின்ஸிபால் இந்த ஒரு பாட்டை நம்பித்தான் எனக்காகப் பேசுகிறார். இப்போது போய் இது என் பாட்டு இல்லை என்றால் என்ன ஆகும்? முன்பக்கத்தில் 'என் அன்புச் சகோதரி ஏஞ்சலினுக்கு நன்றி' என்று தனி வரியாகப் போடுகிறேன். அது போதாதா? வேலை நிரந்தரமாகட்டும், அதற்கப்புறம் நீ சொல்கிறபடி செய்கிறேன்.

கோபிக்காதே அக்கா.

இம்மு

கும்மிடிப்பூண்டி
25.9.2005

இம்மானுவேலுக்கு,

இத்துடன் சி.டி. இருக்கிறது. பன்னிரண்டும் முடிந்துவிட்டது. பதினொன்று அப்படியே அச்சுக்குப் போகலாம்.

'நடை'யில் உன் சுரம் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. நீலம் முழுதும் இருக்கிறது, இடது கை முழுதும் இருக்கிறது. பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது இருந்த இடமெல்லாம் ரெஸ்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவற்றை மறைக்க முடியும், ஆனால் மறைக்கவில்லை. இயற்றியவர் என்ற இடத்தில் உன் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறேன். இப்போது அது உன் பாட்டுதான். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

முன்பக்கத்தில் எனக்கு நன்றி வேண்டாம். அம்மா விசாரித்தாள். நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன்.

ஏஞ்சலின்

குன்னூர்
9.10.2005

அக்கா,

சி.டி. வந்த அன்றே பிரின்ட் எடுத்து வாசித்தேன். விரல் எல்லாம் ஓடுகிறது, பாட்டில்தான் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது பாரில் அந்த நாலாவது பீட் வருகிறது, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் கை உன் மெட்டுக்குத்தான் போகிறது.

எங்கிருந்தோ வந்தது என்று எழுதினேனே, அது பொய். எனக்கு முதல் நாளே தெரியும். விழாவில் பிரின்ஸிபால் கேட்டபோது உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுற்றிலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், கும்மிடிப்பூண்டியில் பேட்டரி கம்பெனிக்கு எதிரே கம்ப்யூட்டர் அடிக்கிற என் அக்கா என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கனவில் வந்தது என்றேன். கை தட்டினார்கள். வெட்கப்பட்டதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

வியாழக்கிழமை அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.  "அப்படியென்றால் மிஸ்டர் இம்மானுவேல், மற்ற பதினொன்றும் யாருடையது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. இந்த வருஷம் கமிட்டிக்கு என் பெயர் போகாது. தற்காலிகமாக இன்னொரு வருஷம் இருக்கலாம் என்றார்.

பதிப்பகத்துக்கும் எழுதிவிட்டேன், இனி அவசரம் இல்லை. 'நடை'யைப் பச்சையோடு போடச் சொல்லியிருக்கிறேன், நீ சம்மதித்தால் மட்டும். வலது பக்கத்தில் 'இயற்றியவர்: ஏஞ்சலின் ஜெயராஜ்'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பியானோவுக்கு அமைத்தவர்: இம்மானுவேல்'. வேண்டாம் என்றால் புத்தகம் பதினொன்றோடு வரட்டும். நான் செய்ததற்கு நீ என்ன சொன்னாலும் தகும்.

ஒன்று மட்டும் கேட்க ஆசை. இருபத்துநாலாவது பாருக்கு மேல் எனக்குத் தெரியவில்லை, அதனால் முதலிலிருந்து திரும்ப வாசிக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் உன் மெட்டு எப்படிப் போகும் அக்கா?

இம்மு

கும்மிடிப்பூண்டி
23.10.2005

இம்முவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உன் நிரந்தர வேலை தள்ளிப் போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் நீ அவர் முன்னால் போய் நின்று சொன்னாயே, அதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை மறைக்கவும் முடியவில்லை. புத்தகத்தில் நீ எழுதியபடியே போடச் சொல். சின்ன எழுத்து வேண்டாம். இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும். நீலத்தை எழுத எனக்குத் தெரியாது, அது உன் வேலைதான்.

அதற்கப்புறம் எப்படிப் போகும் என்று கேட்டாய். எனக்கும் தெரியாது. அந்த இடத்தில் பங்களா கேட் வந்துவிடும். நீ உள்ளே போவாய், நான் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஒரு சுரம்கூட நான் கட்டினதில்லை.

நேற்று முழுக்க அதே யோசனை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அது எங்கே போகும் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது. இன்று கோயில் முடிந்து வந்ததும் பழைய பிரின்ட் ஒன்றின் முதுகில் ஐந்து கோடு போட்டு, பென்சிலோடு உட்கார்ந்தேன். வாயில் முனகிப் பார்ப்பது, எழுதுவது, அழிப்பது. மாமா எட்டிப் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டார். அம்மா கட்டிலிலிருந்து ஒரு மணி நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி எழுதிக்கினே கீற, லீவு நாள்லயும் ஆபீஸ் வேலயா?" என்றாள்.

"இல்லம்மா. பாட்டு எழுதறேன்."

அம்மா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

நாலு பார் வந்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்து உள்ளது உள்ளபடி எழுது.

உன் அக்கா,
ஏஞ்சலின்